ஏரிக்கரை வரைக்கும்

பருத்திப்பட்டு
14-6-1987

சம்பந்தி பால்ராஜ் அவர்களுக்கு துலுக்கானம் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மேலே பிள்ளையார் சுழி போடவில்லை, உங்களுக்குப் பிடிக்காது என்று ஆனந்தன் சொன்னான். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகச் சுழி போடாமல் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாங்கிளாஸோடு நின்றவன் என்பதும் ஒரு காரணம்.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை என் மகள் கஸ்தூரிக்கும் உங்கள் மகன் ஆனந்தனுக்கும் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சுகப்பிரசவம். மூக்கு உங்கள் மூக்கு. உங்களை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் குவார்ட்டர்ஸ் கேட்டில், ஆனாலும் அந்த மூக்கு மறக்கவில்லை. காலமான உங்கள் வீட்டம்மா பேரையே வைக்க வேண்டும் என்று ஆனந்தன் ஆசைப்பட்டான். கஸ்தூரியும் சரி என்றாள். நான் எங்கள் குலதெய்வத்தின் பேரைச் சொல்லிப் பார்த்தேன், என் பேச்சு எடுபடவில்லை. ஆக, இந்த வீட்டுத் தொட்டிலில் இப்போது வசந்தகுமாரி தூங்குகிறாள்.

பருத்திப்பட்டுக்கும் ஆவடிக்கும் சைக்கிளில் கால் மணி நேரம். நேரில் வந்தே சொல்லியிருப்பேன். போன வருஷம் அவர்கள் பூந்தமல்லி ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட மறுநாள், நான் பழத்தட்டோடு உங்களைப் பார்க்க வந்தேன். இனிமேல் இங்கே வர வேண்டாம், சொல்ல வேண்டியது இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிலேயே சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் இந்த இன்லண்டு லெட்டர். கூப்பிடு தூரத்துக்குத் தபால் போடுகிற ஆள் என்று போஸ்ட்மேன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். நீர் அடித்து நீர் விலகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆனந்தனும் வாய்விட்டுச் சொல்லாமல் அதைத்தான் எதிர்பார்க்கிறான்.

துலுக்கானம்

*

தொழிற்சாலைக் குடியிருப்பு, ஆவடி
22-6-1987

திரு. துலுக்கானம் அவர்களுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தங்கள் கடிதம் கிடைத்தது. தாயும் சேயும் நலம் என்றறிந்து முழங்காலில் நின்று நன்றி செலுத்தினேன்.

தாங்கள் என்னைச் சம்பந்தி என்று அழைத்திருக்கிறீர்கள். அந்த அழைப்பை ஏற்கும் நிலையில் நான் இல்லை. தங்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது என்பதை நம்ப வேண்டும். காரணத்தை விளக்குவது என் கடமை.

எங்கள் சபையில் பாதிரியார் கிடையாது. மூப்பர்கள் மூன்று பேர் சபையை நடத்துகிறோம், நான் அதில் ஒருவன். ஞாயிறுதோறும் ஆண்டவருடைய மரணத்தை நினைத்து அப்பத்தைப் பிட்டு, திராட்சரசத்தைப் பகிர்ந்துகொள்கிறோம். எங்களுக்கு அதைவிடப் பெரிய காரியம் இல்லை. அந்தப் பந்தியில் யார் பங்குபெறலாம், யார் கூடாது என்பதற்கு ஒழுங்குகள் உண்டு. 1979இல் அவற்றை ஒரு நோட்டில் எழுதியவன் நானே. விசுவாசத்தில் இல்லாத ஒருவரை மணந்தவர், சபை முன் எழுந்து நின்று அது பாவம் என்று அறிக்கையிடும்வரை பந்தியில் சேரக்கூடாது. அதுவரை சபையார் யாரும் அவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது.

1981இல் நாகப்பன் என்ற சகோதரரின் மகள் சொர்ணம் இப்படித்தான் மணம் செய்துகொண்டாள். நாகப்பன் தொழிற்சாலையில் என் செக்ஷனில் வேலை செய்கிறவர். நான்தான் எழுந்து அவள் பெயரை வாசித்து விலக்கினேன். முன்வரிசையில் உட்கார்ந்து துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அவர் அழுதார். அன்று முதல் இன்றுவரை மகள் வீட்டுப் படி ஏறியதில்லை. இப்போது என் மகன் என்பதற்காக நான் வளைந்தால் திங்கட்கிழமை காலை நாகப்பன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஊருக்கு ஒரு சட்டம், பால்ராஜுக்கு ஒரு சட்டமா என்று அவர் கேட்க மாட்டார். கேட்காமல் போவார் என்பதுதான் எனக்குப் பயம்.

போன வருஷம் என் மகன் பெயரையும் நானே வாசித்தேன். மற்ற மூப்பர்கள் தாங்கள் வாசிப்பதாகச் சொன்னார்கள், நான் விடவில்லை.

குழந்தையின் பெயரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி இந்த வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை.

ஒரு காரியம். ஆனந்தனுக்கு எட்டு வயதில் வந்த முடக்குக் காய்ச்சல் இருதயத்தைத் தொட்டுவிட்டது. இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை ஊசி தவறக்கூடாது. அவன் மறதிக்காரன். ஞாபகப்படுத்தவும்.

இப்படிக்கு,
A. பால்ராஜ்

*

பருத்திப்பட்டு
10-1-1988

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன், வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊசி பற்றி எழுதியிருந்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அவன் போட்டுக்கொள்ளவே இல்லை, எங்களுக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்தபிறகுதான் கஸ்தூரி அவனை இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் அதற்குள் கெட்டிருக்கிறது. தீபாவளிக்கு அப்புறம் அம்பத்தூர் ஸ்டேஷன் படியை ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டான். அங்கே எஸ்டேட் கம்பெனியில் லேத் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை, இப்போது அரை நாள்கூட முடியவில்லை. இருதயத்தில் வால்வு பழுது, ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆள் நிறையக் காத்திருக்கிறார்கள், முறை வரும்போது கூப்பிடுகிறோம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு இவன் எங்கே போகிறான் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மூச்சு வாங்க ஆரம்பித்தபிறகு தனியாக அனுப்பப் பயந்து, போன மாசம் நான்தான் பின்னால் உட்காரவைத்து மிதித்தேன். உங்கள் ஜெபக்கூடத்துக்கு எதிரே புங்க மரத்தடியில் நிறுத்தச் சொன்னான்.

“இன்னாப்பா இது, உள்ள போவக்கூடாதுன்னா போவக்கூடாது. வெளிய நின்னுகினு இன்னா பண்றே?” என்று கேட்டேன்.

“பாட்டு கேக்குது மாமா. அது போதும்” என்றான்.

கொஞ்ச நேரத்தில் அவனும் சேர்ந்து மெதுவாகப் பாடினான். நீங்கள் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினீர்கள். அப்பா குளிர்காற்றுக்காகச் சாத்துகிறார் என்றான் ஆனந்தன். பதினோரு மணி வெயிலில் என்ன குளிர்காற்று என்று நான் அவனிடம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

வந்து பாருங்கள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, உங்களுக்கு ஆடவே இல்லையா?

துலுக்கானம்

*

ஆவடி
18-1-1988

திரு. துலுக்கானம் அவர்களுக்கு,

ஜன்னலைச் சாத்தியது நான்தான். குளிர்காற்றுக்காக அல்ல. சின்ன வயதிலிருந்தே அந்தப் பாட்டின் மூன்றாம் அடியில் ஆனந்தன் சுருதியை விட்டுவிடுவான். அன்று அது வெளியிலிருந்து என் காதில் விழுந்தது. அடுத்து அப்பத்தைக் கையிலெடுத்து ஜெபிக்க வேண்டியவன் நான். குரல் உடைந்துவிடும் என்று சாத்தினேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

1969 முதலான மருத்துவச் சீட்டுகளைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஊசி போட்ட தேதிகள் முழுவதும் ஒரு தாளில் இருக்கின்றன. டாக்டரிடம் காட்டவும். அவன் வீட்டைவிட்டுப் போன பிறகும் காலண்டரில் இருபத்தொரு நாளைக்கு ஒரு வட்டம் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அவன் போட்டுக்கொள்ளவில்லை என்று தங்கள் கடிதத்தில் படித்தபோது, ஒரு வருஷமாக நான் வட்டம் போட்டது யாருக்காக என்று விளங்கவில்லை. ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். விலக்கப்பட்டவனோடு கடிதப் போக்குவரத்து கூடாது என்றும் அந்த நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அவனிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம்தான். ஒரு ஞாயிறு உள்ளே வந்து எழுந்து நிற்கட்டும். நான் செய்தது தவறு என்று ஒரு வாக்கியம். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்த நிமிஷமே அவனை நான் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்காரவைப்பேன். தங்கள் மகளையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்துக்கொள்வேன். நான் அவனிடம் கேட்பது பெரிய காரியமா? அவன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

A. பால்ராஜ்

*

பருத்திப்பட்டு
14-3-1988

சம்பந்தி அவர்களுக்கு,

ஆனந்தனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் தாங்கமாட்டான், காலம் கடந்துவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. தெருப்பக்க அறையில் கட்டிலைப் போட்டு, தலையணையை அடுக்கி, சாய்ந்தபடி உட்காரவைத்திருக்கிறோம். கால் இரண்டும் வீங்கிவிட்டன. மடியில் குழந்தையை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான், இரண்டு நிமிஷத்துக்குமேல் முடியவில்லை.

நீங்கள் எழுதிய ஐந்து நிமிஷ விஷயத்தை அப்போதே படித்துக் காட்டினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கல்யாணம் தப்புன்னு சொன்னா இவ யாரு மாமா? தொட்டில்ல இருக்கிறது யாரு? பொய் சொல்லிட்டு அந்த அப்பத்தை வாயில வைக்க என்னால முடியாது.” எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லித் தொலைத்தால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று திட்டினேன். அவன் சிரித்தான். உங்கள் பிள்ளைதான், சந்தேகமே வேண்டாம்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டான். அந்த அப்பமும் ரசமும் ஒரு தடவை வேண்டுமாம். இரண்டு வருஷமாகிறதாம். அதைவிட்டால் வேறு ஆசை இல்லையாம். அப்பாவிடம் கேளுங்கள், அப்பா கையால் என்றான்.

கெஞ்சுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பந்தி முடிந்ததும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டாம். உள்ளேகூட வர வேண்டாம், கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது, தெருவில் நின்றே கொடுக்கலாம். அம்மன் படம் கண்ணில் படும் என்றால் அன்றைக்கு மட்டும் சுவர் பக்கம் திருப்பி வைக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் பிள்ளை பெற்றவள்.

யோசிக்க நாள் இல்லை.

துலுக்கானம்

*

ஆவடி
17-3-1988

திரு. துலுக்கானம் அவர்களுக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவதாக இதை எழுதுகிறேன்.

மற்ற இரண்டு மூப்பர்களையும் பார்த்தேன். அறிக்கையிடாதவனுக்கு அப்பம் இல்லை என்று கோவிந்தராஜ் உறுதியாகச் சொல்லிவிட்டார். பக்தவத்சலம், நீங்கள் தகப்பன், உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள் என்றார். அவரவருக்குச் சரி என்று பட்டதைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தானே ஒழுங்கு எழுதினோம்? நானே மீறினால் அது எப்படி நிற்கும்?

26ஆம் தேதி சனிக்கிழமை மூவரும் கூடிப் பேசுகிறோம். ஒப்புதல் கிடைத்தால் 27ஆம் தேதி ஞாயிறு நானே கொண்டுவருவேன். கிடைக்க வேண்டும் என்று உபவாசத்தில் இருக்கிறேன். அதுவரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பத்து நாள்தான்.

ஊசி போட அழைத்துப் போகும்போது அவன் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வான், அழமாட்டான், விரலை மட்டும் இறுக்குவான். இதை ஏன் தங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

A. பால்ராஜ்

*

பருத்திப்பட்டு
8-4-1988

சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதுவரை பேனாவைத் தொட முடியவில்லை.

23ஆம் தேதி புதன்கிழமை மத்தியானம் ஆனந்தன் போன சேதியைச் சொல்ல உடனே ஆள் அனுப்பினேன். மறுநாள் ஏரிக்கு அந்தப்பக்கம் எங்கள் ஆட்களைப் புதைக்கிற இடத்தில் புதைத்தோம். நீங்கள் வேலிக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். எங்களில் பெண்கள் அங்கே வருவதில்லை, ஆனால் கஸ்தூரி வந்தாள், யாருக்கும் தடுக்க மனசு வரவில்லை. அவன் தினமும் சொல்கிற ஒரு ஜெபம் அவளுக்குத் தெரியும், அதை அவளே சொன்னாள். நீங்கள் உள்ளே வருவீர்கள் என்று மண் தள்ளாமல் கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம் தள்ளினோம்.

நான் சண்டை போட எழுதவில்லை. அதற்குத் தெம்பும் இல்லை. என்னைப் போட்டு அரிக்கிற ஒரு விஷயத்தை உங்களிடம் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதம் 19ஆம் தேதி சனிக்கிழமை வந்தது. படித்துக் காட்டினேன். பத்து நாளா என்றான். மறுநாள் ஞாயிறு காலை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்றரைக்கு, இப்போது அங்கே அப்பம் பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, “மாமா, நீங்க குடுங்க” என்றான்.

“நானா? நான் இன்னா பாதிரியாரா? எனக்கு இன்னா தெரியும்?”

“ஒண்ணும் தெரிய வேணாம். ஒடைச்சிக் குடுங்க, போதும்.”

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். டீக்கடையில் போய் ஒரு பன் வாங்கினேன். அதில் சிவப்பும் பச்சையுமாகப் பழத்துண்டு ஒட்டியிருந்தது. கோயில் காரியத்துக்கு அது ஆகாது என்று தோன்றியதால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டேன். கஸ்தூரி தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை வாங்கி வந்து, துவைத்த துணியில் கட்டி டம்ளரில் பிழிந்தாள். என் கையில், அவனுக்காகத் திருவேற்காட்டில் வேண்டிக்கொண்டு கட்டிய மஞ்சள் கயிறு இருந்தது. கழற்றட்டுமா என்று கேட்டேன். எனக்காகக் கட்டியதுதானே, இருக்கட்டும் என்றான்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னான். நான் உடைத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தான். பிறகு டம்ளரைப் பிடித்து இரண்டு வாய் குடிக்க வைத்தேன். எங்களையும் சாப்பிடச் சொன்னான். கஸ்தூரி சாப்பிட்டாள். எனக்குப் பயம், சாப்பிடவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் அவன் கொஞ்சம் தெளிவாக இருந்தான், குழந்தையோடு சிரித்தான். அதற்கப்புறம் மூன்றே நாள்.

துக்கம் விசாரிக்க உங்கள் சபை கோவிந்தராஜ் வந்தார். நல்ல மனுஷர்தான், பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடித்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. தகுதி இல்லாமல் அதைச் சாப்பிடுகிறவன் தன் தலைமேல் தண்டனையைச் சாப்பிடுகிறான், தெரியாமல் பெரிய தப்பு செய்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் என் கையாலேயே புள்ளைக்குத் தண்டனை ஊட்டிவிட்டேனா? அவன் போன இடத்தில் அவனை உள்ளே விடமாட்டார்களா? தண்டிப்பதாக இருந்தால் என்னைத் தண்டிக்கச் சொல்லுங்கள், உடைத்தது என் கை. கஸ்தூரியிடம் இதைச் சொல்லவில்லை. அந்த நோட்டை எழுதியவர் நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும். ஆமாவா இல்லையா என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

துலுக்கானம்

*

ஆவடி
18-4-1988

என் சம்பந்தி துலுக்கானம் அவர்களுக்கு,

இல்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன், மற்றதைச் சாப்பிட்டபிறகு படியுங்கள். நீங்கள் அவனுக்குத் தண்டனையை ஊட்டவில்லை. அவன் கேட்டது அப்பம், நீங்கள் கொடுத்ததும் அப்பம். அவனை உள்ளே விடாத வாசல் ஒன்று உண்டென்றால் அது என் வீட்டு வாசல் மட்டும்தான். கஸ்தூரியும் கேட்க நேர்ந்தால் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள்.

இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அப்பம் பிட்டிருக்கிறேன். வருகிறவர் தகுதி உள்ளவரா என்று முகத்தைப் பார்த்துத்தான் தட்டை நீட்டுவேன். நீங்கள் பன்னில் இருந்த பழத்துண்டைக் கிள்ளி எடுத்தீர்களே, அந்தப் பயபக்தி எனக்கு ஒருநாளாவது இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்ததாக நினைவில்லை.

இப்போது நான் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 20ஆம் தேதி ஞாயிறு, பந்தி முடிந்ததும் ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சின்னக் குப்பியில் ரசமும் எடுத்துக்கொண்டேன். சைக்கிளில் பருத்திப்பட்டு ஏரிக்கரை வரைக்கும் வந்துவிட்டேன். உங்கள் தெரு முனை தெரிந்தது. பஸ் ஸ்டாப்பில் நாகப்பன் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். ஸ்தோத்திரம் ஐயா, இந்தப் பக்கம் எங்கே என்று கேட்டார். சும்மா ஒரு வேலையாக வந்தேன் என்று பொய் சொல்லி, நேரே போய், அவர் கண்ணுக்கு மறைந்ததும் வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன் அவர் மகளை நான் விலக்கியவன். அவர் கண் முன்னால் என் மகன் வீட்டுக்குள் போக என்னால் முடியவில்லை. அவர் பஸ் ஏறும்வரை காத்திருந்தாலே போதும், ஐந்து நிமிஷம். அவனிடம் நான் கேட்ட அதே ஐந்து நிமிஷம் அவனுக்காக நான் நிற்கவில்லை.

அந்தத் துண்டை என்னால் சாப்பிடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பையிலேயே பொடிந்துபோனது.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் நாகப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அவர் சொன்னதை இதோ எழுதுகிறேன்.

“அன்னிக்கு ஏரிக்கரையில உங்களப் பாத்துட்டு, ஊட்டுக்குப் போயி எம் பொஞ்சாதிகிட்ட சொன்னேன் ஐயா. ஐயா புள்ளையப் பாக்கப் போறாரு, இனிமே நம்ம சொர்ணமும் வரலாம்னு. அவ அன்னிக்கே சொர்ணத்துக்குப் புடிச்ச பலகாரத்துக்கு மாவு இடிச்சி வெச்சிட்டா.”

நான் பாதியில் திரும்பிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். ஏன் ஐயா என்றார். உங்களுக்காகத்தான் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, நீங்கள் எப்போது வளைவீர்கள் என்றுதான் இரண்டு வருஷமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன் ஐயா என்றார். பிறகு சங்கு ஊதியது, எழுந்து போய்விட்டார்.

சம்பந்தி, யாருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று என் மகனைத் தள்ளிவைத்தேனோ, அவரும் நான் வருவதற்காகவே காத்திருந்திருக்கிறார். ஒருவருக்கும் வேண்டாத ஒன்றை நான் ஒருவன் மட்டும் கட்டிக் காத்திருக்கிறேன். என் பிள்ளை எனக்காக ஜன்னலைப் பார்த்தபடியே போய்விட்டான்.

நேற்று ஞாயிறு நான் சபை முன் எழுந்து நின்றேன். இதையெல்லாம் சொன்னேன். என் பெயரை நானே வாசித்து, பந்தியிலிருந்து என்னை நானே விலக்கிக்கொண்டேன். மூப்பர் பொறுப்பையும் விட்டுவிட்டேன். கோவிந்தராஜ் எழுந்து வெளியே போய்விட்டார். நாகப்பன் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? தகுதி இல்லைதான். ஆனந்தனுக்குக் கொடுத்த அந்தக் கையால் எனக்கும் ஒரு துண்டு கொடுப்பீர்களா? தெருவில் நின்று வாங்கிக்கொள்கிறேன். கஸ்தூரி என் முகத்தைப் பார்க்க விரும்பாவிட்டால் அது நியாயம்தான், நான் வரவில்லை, தபாலில் ஒரு வரி எழுதுங்கள்.

பால்ராஜ்

*

பருத்திப்பட்டு
21-4-1988

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் முதல் வரியைப் படித்துவிட்டு, நீங்கள் சொன்ன மாதிரியே சாப்பிட்டேன். நாலு வாரத்துக்கப்புறம் இரண்டு பிடி இறங்கியது. அதற்கு உங்களுக்குப் புண்ணியம்.

மீதியைப் படித்தபோது சாப்பிட்டது நெஞ்சில் நின்றுவிட்டது. ஏரிக்கரை வரைக்கும் வந்தவர் இன்னும் நாலு மிதி மிதித்திருக்கக் கூடாதா? அன்றைக்கு ஒரு மணி வரைக்கும் அவன் கண் தெருவில்தான் இருந்தது. நான் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் ஒளிக்காமல் எழுதியபிறகு நான் ஒளிக்கக் கூடாது. இந்தக் கோபம் எனக்குப் போகவில்லை, போகுமா என்றும் தெரியவில்லை.

பந்தியிலிருந்து உங்களை நீங்களே எழுப்பிவிட்டீர்களாமே. அது எதற்கு? பிள்ளையைத் தள்ளியதற்கு ஒரு சட்டம், இப்போது உங்களைத் தள்ள ஒரு சட்டமா? நீங்கள் திருந்தவே மாட்டீர்களா? பசிக்கிறவன் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பம் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அது என்னால் முடியாது. அவன் கேட்டான், கொடுத்தேன். இன்னொரு தடவை அந்தக் கை எழும்பாது. பன் விற்கிற டீக்கடைப் பக்கமே நான் போவதில்லை.

கஸ்தூரிக்கு உங்கள் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன். குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள், “வரச் சொல்லு நைனா. நான் பேசமாட்டேன். சோறு போட்றேன்.”

அதற்குமேல் அவளிடம் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். குழந்தை புது முகத்தைப் பார்த்தால் அழும், அதற்கும் மனசை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாருங்கள். நாகப்பனையும், அவர் மகள் வீட்டுக்கு இன்னும் போகாமல் இருந்தால், முதலில் அங்கே போகச் சொல்லுங்கள்.

சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.

துலுக்கானம்